சீமாட்டி நடித்தால் கலையா?

தந்தை டியூக். வளர்ந்த இடம் கோட்டை. ஆடிய இடம் அமெரிக்க நாடக மேடை. கணவர் அமைச்சர். பின்னாளில் வீற்றிருந்த இடம் பாரிஸ் நகரத்துப் பிரிட்டிஷ் தூதரக மாளிகை. மறைந்த வயது தொண்ணூற்று மூன்று. கேட்கும்போதே கிறுகிறுக்க வைக்கும் வாழ்வு! 1892 ஆகஸ்டு 29-இல் பிறந்து 1986 ஜூன் 16-இல் மறைந்த டயானா கூப்பர் சீமாட்டியின் வாழ்வு அது.

அந்த அம்மையாரைப் பற்றி எழுதப்பட்ட ஏடுகள் ஏராளம். எழிலை வியந்து எழுதினர். விருந்துகளை விவரித்து எழுதினர். நகைச்சுவையை நயந்து எழுதினர். 1938-இல் வெளிவந்த 'ஸ்கூப்' என்ற புதினத்தில் ஈவ்லின் வா படைத்த திருமதி ஸ்டிச், இந்த டயானாவைப் பார்த்து வார்த்த வார்ப்பே என்பர். நாடகமாக்கினர், நாவலாக்கினர், வாழ்க்கை வரலாறாக்கினர். நாமும் படித்தோம். படித்து முடித்ததும் நம் நெஞ்சில் ஒரு கேள்வி நெருப்பெனக் கனன்றது: இத்தனை மாலைகளும் எதற்காக? அவர் உழைத்ததற்காகவா, அல்லது பிறந்ததற்காகவா?

மாண்டவர் மீது மண் வாரித் தூற்றுவது நம் மரபன்று. அவரிடம் துணிவு இருந்தது, மறுக்கமாட்டோம். உழைப்பு இருந்தது, மறைக்கமாட்டோம். ஆனால், அந்தத் துணிவையும் உழைப்பையும் தூக்கி மூலையில் வைத்துவிட்டு, டியூக்கின் மகள் என்ற பட்டயத்தைத் தலைவாயிலில் மாட்டித் தோரணம் கட்டுகிறார்களே, அந்தத் தோரணத்தைத்தான் அறுத்தெறிய வேண்டும் என்கிறோம்.

கோட்டையிலிருந்தே தொடங்குவோம்.

லெஸ்டர்ஷயர் மாவட்டத்துக் குன்றின்மேல் நிற்கிறது பெல்வாய்ர் கோட்டை. பெல்வாய்ர் என்று எழுதுவர். பீவர் என்று படிப்பர். எழுத்தொன்று, ஒலியொன்று! உள்ளதொன்று, உரைப்பதொன்று என்பதே மேட்டுக்குடியின் இலக்கணமல்லவா! ரட்லண்டு டியூக்குகளின் இருப்பிடம் அது. டயானாவின் பாட்டனார் ஜான் மானர்ஸ், ஏழாவது டியூக், அமைச்சராக இருந்தவர், இளமையில் பழங்குடிப் பிரபுக்களின் பெருமையைப் பாட்டாகவே பாடியவர். பாட்டனார் பாடிய பெருமை, பேத்திக்குத் தொட்டிலிலேயே தாலாட்டு ஆயிற்று.

அந்தக் கோட்டையில் பிரபு குடும்பம் வாழ எத்தனை பேர் வாடினர் என்பதை, டயானா அம்மையாரே 1958-இல் வெளியிட்ட தம் நினைவு நூலின் முதல் தொகுதியில் எழுதி வைத்திருக்கிறார். விளக்கேற்றவும் திரி சீராக்கவும் தனி ஆட்கள். குளிப்பதற்கு வெந்நீர் சுமக்கத் தனி ஆட்கள். உணவு வேளை வந்துவிட்டது என்று அறிவிக்க, நீண்ட நெடும் நடைகளில் சேகண்டி தட்டிக்கொண்டே நடப்பதற்கென்று ஒரு முதியவர்! அவர் தொழில் அது; அவர் வாழ்வே அது. பிரபு வீட்டாருக்குப் பசி எடுத்ததா என்பதை அவர்கள் வயிறு சொல்லாதாம். சேகண்டி சொல்ல வேண்டுமாம்! தட்டியவர் வயிறு என்ன சொல்லிற்று என்பதை யார் கேட்டனர்?

இது ஒரு கோட்டையின் கதை மட்டுமன்று. 1911-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாகப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பிறர் வீட்டில் ஏவல் செய்து பிழைத்தனர். பத்து லட்சம் பெண்கள்! விடியுமுன் எழுந்து அடுப்புச் சாம்பல் அள்ளியவர்கள், படிக்கட்டுகளை முழந்தாளிட்டுத் துடைத்தவர்கள், நிலவறைச் சமையற்கட்டில் நெருப்போடு நெருப்பாக வெந்தவர்கள். அவர்களிலும் எழிலரசிகள் இருந்திருப்பர். அவர்களிலும் நகைச்சுவை நங்கையர் இருந்திருப்பர். ஓவியர் வரவில்லை, கவிஞர் வரவில்லை, புகைப்படக் கருவியோடு எவரும் வாயிலில் காத்திருக்கவில்லை. ஏன்? சேகண்டி ஒலிக்கு இந்தப் பக்கம் பிறந்துவிட்டனர், அவ்வளவே!

"குருதி உயர்வு" என்பர் குலப்பெருமை பேசுவோர். அந்த உயர்வின் லட்சணத்தையும் இதே வாழ்க்கைக் கதை அம்பலமாக்குகிறது. டயானாவின் சட்டப்படியான தந்தை எட்டாவது டியூக். ஆனால் உண்மைத் தந்தை ஹாரி கஸ்ட் என்பவரே என்பது அந்த வட்டாரத்தில் ஊரறிந்த மறைபொருள். பிற்காலத்தில் டயானாவும் அதை ஏற்றுக்கொண்டார். இதைச் சொல்லி ஒரு தாயைப் பழிக்க நாம் வரவில்லை. காதலற்ற மணத்தில் கட்டிப்போடப்பட்ட பெண்களின் கதை உலகெங்கும் ஒன்றுதான். நாம் பழிப்பது கோட்பாட்டை! குருதிதான் உயர்வுக்கு ஊற்று என்றால், அந்த ஊற்று இங்கே எங்கே போயிற்று? டியூக்கின் குருதி ஒரு சொட்டும் இல்லாமலே ஒரு பெண் டியூக்கின் மகளாக ஒளிவீசலாம் என்றால், பட்டத்துக்குத் தேவை குருதியன்று, ஊரார் கண்மூடி ஒப்புக்கொள்ளும் ஒரு பொய் மட்டுமே என்று ஆகவில்லையா? பொய்யை மெய்யென்று ஏற்க ஒரு நாடே பழகிக்கொண்டதற்குப் பெயர்தான் பாரம்பரியமா?

சரி, உயர்குடியில் பிறந்த பெண்ணாவது உரிமையோடு வாழ்ந்தாளா? அதுவும் இல்லை! சகோதரருக்கு ஈட்டன் பள்ளி. டயானாவுக்கு வீட்டிலேயே ஆசிரியை. பட்டமும் கோட்டையும் நிலமும் ஆண் வாரிசுக்கு; 1925-இல் தந்தை மறைந்ததும் அவை அண்ணனிடம் போய்ச் சேர்ந்தன. பெண்ணுக்கு? 'லேடி' என்று பெயருக்கு முன்னால் ஒரு சொல். பெயருக்குப் பின்னால் நல்ல இடத்தில் ஒரு கணவன். சேகண்டி தட்டிய முதியவரைச் சிறை வைத்த அதே சுவர், கொஞ்சம் பட்டுத்துணி போர்த்தி, இந்தப் பெண்ணையும் சிறை வைத்தது. சாதாரணப் பெண்ணுக்கு இரும்பு விலங்கு. சீமாட்டிக்குப் பொன் விலங்கு. உலோகம் வேறு, பூட்டு ஒன்று.

1914-ஆம் ஆண்டு வேனிற்காலம். டயானாவும் அவருடைய நண்பர் குழாமும் தேம்ஸ் ஆற்றில் இரவுப் படகு விருந்து நடத்தினர். பாட்டுக்கு வாடகைக்கு அமர்த்திய இசைக்குழு, குடிக்க மது, களிப்புக்குக் குறைவில்லை. கேளிக்கையின் உச்சியில் டெனிஸ் ஆன்சன் என்ற இளம் பிரபு ஆற்றில் குதித்தார். மூழ்கினார். அவரைக் காப்பாற்றக் குதித்தார் இசைக்குழுவைச் சேர்ந்த ஒருவர். அவரும் மூழ்கினார். இருவரும் மாண்டனர்.

எண்ணிப் பாருங்கள்! ஒருவர் விளையாட்டுக்காகக் குதித்தார். மற்றவர் ஓர் உயிரைக் காக்கக் குதித்தார். ஒருவர் விருந்துக்கு வந்தவர். மற்றவர் கூலிக்கு வந்தவர். வீரம் எவருடையது? ஈகம் எவருடையது? ஆயினும் அந்த நிகழ்ச்சியை இன்றும் 'ஆன்சன் மறைந்த இரவு' என்றே பேசுகின்றனர். வாசிப்பதற்கு மட்டுமே கூலி வாங்கியவர், உயிரைக் கூலியில்லாமல் கொடுத்தார். அவருக்குக் கோட்டை இல்லை. ஆகவே கதை இல்லை.

அடுத்த மாதமே போர் மூண்டது. ஆற்றில் விளையாடிய குழாமை அகழிகள் விழுங்கின. ஜூலியன் கிரென்ஃபெல் 1915 மே மாதத்தில். தம்பி பில்லி அவ்வாண்டே ஜூலையில். பிரதமர் ஆஸ்குவித்தின் மகன் ரேமண்ட் 1916 செப்டம்பரில், சோம் போர்க்களத்தில். எட்வர்டு ஹார்னரும் பேட்ரிக் ஷா-ஸ்டூவர்ட்டும் 1917-இன் இறுதியில். நட்புக் கூட்டம் நாதியற்றுச் சிதறியது. அந்தச் சாவுகளுக்காக நாம் கண்ணீர் சிந்துவோம். ஆனால், அவர்களோடு ஒரே அகழியில் ஒரே சேற்றில் மாண்ட உழவன் மகனுக்கும் சுரங்கத் தொழிலாளி மகனுக்கும் அதே கண்ணீரைச் சிந்துவோம்.

அப்போதுதான் டயானா தம் வாழ்வின் முதல் புரட்சியைச் செய்தார். தாயார் தடுத்தும் கேளாமல், லண்டன் கைஸ் மருத்துவமனையில் தாதியாகச் சேர்ந்தார். தண்ணீர் சுமக்கத் தனி ஆள் வைத்திருந்த வீட்டுப் பெண், புண்ணுக்குக் கட்டுப் போட்டார். நோயாளியின் அழுக்கை அகற்றினார். பிறகு, தாயார் ஆர்லிங்டன் தெருவில் இருந்த தங்கள் மாளிகையையே மருத்துவமனையாக மாற்ற, அங்கும் பணி தொடர்ந்தார். பாராட்டுகிறோம்! கைதட்டிப் பாராட்டுகிறோம்! எந்தக் கையை? வளையல் குலுங்கிய கையை அன்று. வாளி தூக்கிய கையை!

அந்தக் கைக்கு நாடு என்ன மதிப்பளித்தது தெரியுமா? 1918-இல் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது. ஆனால் முப்பது வயது நிரம்பியவர்களுக்கு மட்டும். அதற்கும் சொத்துத் தகுதி நிபந்தனைகள். டயானாவுக்கு அப்போது வயது இருபத்தாறு. அதே ஆண்டில் இன்னொரு சட்டம், இருபத்தொரு வயதுப் பெண்ணும் பாராளுமன்றத்துக்குப் போட்டியிடலாம் என்றது. வேட்பாளராக நிற்கலாம், வாக்கு மட்டும் போடக்கூடாது! சட்டமா, சர்க்கஸா? போர்க்களத்துக் குருதியைத் துடைத்த இருபத்தாறு வயதுத் தாதிக்கு, அவள் டியூக் மகளானாலும் துணி வெளுப்பவள் மகளானாலும், வாக்குச் சீட்டு இல்லை. ஆணுக்கு நிகராக இருபத்தொரு வயதில் வாக்கு என்று ஆனது 1928-இல்தான். அந்த ஒரு இடத்தில் மட்டும் சீமாட்டியும் சேரிப்பெண்ணும் சமம். இழிவில் சமம்!

போரில் மாண்டவர்களுக்கும் ஒரு சமத்துவம் கிடைத்தது. தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவு, ஒரே வடிவக் கல்லறைக்கல் என்று பிரிட்டிஷ் போர்க் கல்லறை ஆணையம் முடிவு செய்தது. நல்ல முடிவு, நாகரிக முடிவு. பொறுத்தார்களா பிரபுக்கள்? எட்வர்டு ஹார்னருக்குச் சொந்த ஊரான மெல்ஸ் தேவாலயத்தின் உள்ளேயே குதிரைமேல் அமர்ந்த சிலை எழுப்பினர். மகனை இழந்த பெற்றோரின் துயரம் நமக்குப் புரிகிறது. ஆனால், மகனை இழந்த ஏழைப் பெற்றோர் எந்தத் தேவாலயத்தில் எந்தக் குதிரையை நிறுத்துவது?

போர் ஓய்ந்தது. 1919 ஜூன் 2-ஆம் நாள் டயானா மணம் புரிந்தார். மணமகன் டஃப் கூப்பர். வெளிநாட்டு அலுவலகத்தில் பணியாளர். போரில் வீர விருது பெற்றவர். பெற்றோர் எதிர்த்தனர். பட்டம் இல்லை, பணம் இல்லை, ஆகவே பொருத்தம் இல்லை என்பது வாதம். பட்டமில்லாத அந்த மணமகனும் குடிசையில் பிறந்தவர் அல்லர் என்பதை வாசகர் மறக்கலாகாது. ஈட்டனிலும் ஆக்ஸ்போர்டிலும் பயின்றவர். தாய்வழியில் பிரபு குடும்பம். அவரே கீழானவர் என்றால், இந்த ஏணிக்கு எத்தனை படிகள்! அகப்பட்ட படியில் நின்றுகொண்டு அடுத்த படியில் இருப்பவனை உதைப்பதே அந்த ஏணியின் ஒழுக்கம். டயானா அந்த ஏணியை உதைத்தார், விரும்பியவரை மணந்தார். இது இரண்டாவது புரட்சி. இதையும் பாராட்டுகிறோம்.

இனி, மேடைக்கு வருவோம். நம் வழக்கின் மையம் அதுதான்.

இங்கிலாந்தில் நடிகருக்கு ஒரு காலத்தில் இருந்த மதிப்பு என்ன? 1572-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சொல்லிற்று: பிரபு ஒருவரின் ஆதரவில் இல்லாத கூத்தர்கள் நாடோடிப் போக்கிரிகள்! பிடிபட்டால் சவுக்கடி, காதில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் துளை. அதே கூத்து, அதே பாட்டு, அதே நடிப்பு. பிரபுவின் முத்திரை இருந்தால் கலைஞன், இல்லாவிட்டால் கயவன். அந்தச் சட்டம் பிறந்தது முதலாம் எலிசபெத்தின் ஆட்சியில். 1923-இல் 'கன்னி ராணி' என்ற மௌனப் படத்தில் அதே எலிசபெத்தாக வேடம் பூண்டவர் யார்? நம் டயானா சீமாட்டிதான்! முந்நூற்றைம்பது ஆண்டுகளில் சக்கரம் எப்படிச் சுழன்றது பாருங்கள். கூத்தரின் காதைத் துளைத்த ஆட்சியின் அரசியாக, பிரபுவின் மகளே கூத்தாடினார். அதற்கு முந்தைய ஆண்டு, 1666-இல் லண்டனை எரித்த பெருந்தீயைப் பின்னணியாகக் கொண்டு பிளாக்டன் இயக்கிய வண்ணப்படத்திலும் அவரே நாயகி.

"பார்த்தீர்களா, நாடகத் தொழிலையே அவர் உயர்த்திவிட்டார்!" என்பர் புகழ்பாடிகள். பொறுமை! நாடகத் தொழில் உயரச் சீமாட்டி வரும்வரை காத்திருந்ததா? எல்லன் டெர்ரி என்றொரு நடிகை இருந்தார். ஊர் ஊராகச் சென்று நடித்துப் பிழைத்த குடும்பத்தில் 1847-இல் பிறந்தவர். 1856-இல், பால் மணம் மாறாத பருவத்தில், ஷேக்ஸ்பியர் நாடகத்தில் மேடையேறினார். போர்ஷியாவானார், மேக்பத் சீமாட்டியானார், ஒரு நாட்டையே அழவும் சிரிக்கவும் வைத்தார். அவருக்கு 'டேம்' என்ற பட்டம் எப்போது கிடைத்தது? 1925-இல்! மேடை ஏறி அறுபத்தொன்பது ஆண்டுகள் கழித்து! அவரோடு இணைந்து நடித்த ஹென்றி இர்விங்குக்கு 1895-இலேயே 'சர்' பட்டம் வந்துவிட்டது. அவர் ஆண், இவர் பெண். உழைப்பால் பட்டம் பெற நடிகைக்கு அறுபத்தொன்பது ஆண்டுகள். பிறப்பால் பட்டம் பெற டயானாவுக்கு ஒரு நொடி, முதல் அழுகைக்கு ஆகும் அந்த ஒரு நொடி!

இன்னொரு காட்சி. ரோஸி பூட் என்ற கெய்ட்டி அரங்கத்து நடிகையை ஹெட்ஃபோர்ட் மார்குவிஸ் 1901-இல் மணந்தார். மேட்டுக்குடி பதறியது, மேடைக்காரி மாளிகைக்குள் வருவதா என்று முகம் சுளித்தது. இருபது ஆண்டுகள் கழித்து, மாளிகைக்காரி மேடைக்கு வந்தார். அப்போது அதே மேட்டுக்குடி முன்வரிசையில் அமர்ந்து கைதட்டியது. மேடையிலிருந்து மாளிகைக்குப் போனால் மாசு. மாளிகையிலிருந்து மேடைக்கு வந்தால் மாண்பா? மேடை ஒன்றுதானே! விளக்கு ஒன்றுதானே! முகத்தில் பூசும் சாயமும் ஒன்றுதானே!

சீமாட்டி வேடம் பூண்டால் கலை. சலவைக்காரி மகள் வேடம் பூண்டால் கூத்து. சீமாட்டி இரவில் நடனமாடினால் நவநாகரிகம். ஏழைப்பெண் ஆடினால் ஒழுக்கக்கேடு. செயல் ஒன்று, பெயர் இரண்டு! இந்த இரட்டை நாக்கைத்தான் நாம் எதிர்க்கிறோம்.

1924 ஜனவரியில் நியூயார்க் நகரத்துச் செஞ்சுரி அரங்கில், மாக்ஸ் ரைன்ஹார்ட் தயாரித்த 'அற்புதம்' என்ற நாடகம் அரங்கேறியது. வசனமற்ற நாடகம். அரங்கமே ஒரு பழங்காலத் தேவாலயமாக உருமாற்றப்பட்டது. கன்னியாஸ்திரி ஒருத்தி மடத்தைவிட்டு உலக இன்பம் தேடி ஓடிவிடுகிறாள். பீடத்தில் நின்ற மேரி மாதா சிலை உயிர்பெற்று, கீழிறங்கி, ஓடிப்போனவளின் ஊழியத்தை அவள் திரும்பும்வரை தானே செய்கிறது. அந்தச் சிலையாக நின்றவர் டயானா. நீண்ட நேரம் இமைகூட அசையாமல் கல்லாக நிற்க வேண்டும். நின்றார், நின்று காட்டினார். ஆண்டுக்கணக்கில் அமெரிக்க நகரங்களிலும் ஐரோப்பிய நகரங்களிலும் நின்றார். 1932-இல் லண்டன் லைசியம் அரங்கிலும் நின்றார். தசை மரத்துப்போகும், தொழில் தெரிந்தவர்க்கே அதன் துன்பம் தெரியும். அந்த உழைப்புக்கு நம் வணக்கம்.

அந்த நாடகத்தைக் கண்டவர்கள் சிலையின் எழிலைக் கண்டனர். நாம் அந்தக் கதையில் வேறொன்றைக் காண்கிறோம். சிலை பீடத்தில் நின்றவரை, பூ வாங்கிற்று, புகை வாங்கிற்று, மண்டியிட்டவர்களின் மன்றாட்டு வாங்கிற்று. எவருக்கும் ஒரு வேலையும் செய்யவில்லை. இறங்கிப் பணிவிடை செய்தபோதுதான் அது அற்புதமாயிற்று! பிரபுத்துவத்தின் கதையும் அதுவே. பீடத்தில் நிற்பதால் பெருமை இல்லை, இறங்கினால்தான் பெருமை. டயானா இறங்கினார். அவரைப் புகழ்வோர் மட்டும் அவரைத் திரும்பத் தூக்கிப் பீடத்தில் வைத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

மேடையில் ஈட்டிய பணம் என்னவாயிற்று? அதுவும் கேட்கத் தகுந்த கதை. அந்தப் பணத்தின் துணையால்தான் கணவர் டஃப் கூப்பர் அலுவலக வேலையை விட்டு அரசியலுக்கு வர முடிந்தது. 1924-இல் லங்காஷயர் நூற்பாலை நகரான ஓல்டாமிலிருந்து கன்சர்வேடிவ் கட்சி உறுப்பினராகப் பாராளுமன்றம் புகுந்தார். உறுப்பினர்க்கு ஊதியம் ஆண்டுக்கு 400 பவுன். 1911 முதல்தான் அதுவும். மனைவி கல்லாக நின்று சம்பாதித்தார். கணவர் சொல்லாக நின்று வளர்ந்தார். போர் அமைச்சரானார், 1937-இல் கடற்படை அமைச்சரானார். 1938-இல் மியூனிக் உடன்படிக்கையை எதிர்த்துப் பதவியைத் தூக்கி எறிந்தார். அது ஆண்மை, அது நேர்மை. அந்த நேர்மைக்கு அடித்தளமாக ஒரு நடிகையின் கூலி இருந்தது என்பதை வரலாற்று நூல்கள் அடிக்குறிப்பில்தான் வைக்கின்றன. நடிகையின் பணத்தில் அரசியல் நடத்தலாம். நடிகை என்ற சொல்லை மட்டும் தாழ்வாகச் சொல்ல வேண்டும். நன்றி கெட்ட நாகரிகம்!

1941-ஆம் ஆண்டு, சர்ச்சில் அரசு டஃப் கூப்பரைச் சிங்கப்பூருக்கு அனுப்பியது. டயானாவும் உடன் சென்றார். இங்கேதான் இந்தச் சீமாட்டியின் கதை தமிழரின் கதையோடு ஒரு கணம் உரசுகிறது. மலாயாவின் ரப்பர்க் காடுகளில் பால் வெட்டியவர்கள் நம்மவர். பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களிலும் நம்மவர் இருந்தனர். டிசம்பரில் ஜப்பானியர் குண்டு வீசினர். பினாங்கிலிருந்த ஐரோப்பியர் இரவோடிரவாகக் கப்பலேற்றப்பட்டனர். மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் கரையிலேயே விடப்பட்டனர். அதன் பிறகு டஃப் கூப்பர் வானொலியில் பேசினார்: மக்களில் பெரும்பாலோர் வெளியேற்றப்பட்டுவிட்டனர் என்று பொருள்பட!

பெரும்பாலோராம்! எந்தக் கணக்கில்? வெள்ளையர் மட்டுமே மக்கள் என்ற கணக்கில்! மற்றவர் மரம், மட்டை, மூட்டை! கேட்ட ஆசியர் நெஞ்சு கொதித்தது. கொதிக்காமல் எப்படி இருக்கும்? மியூனிக்கில் நேர்மைக்காகப் பதவி துறந்தவர், பினாங்கில் மனிதரை எண்ணத் தெரியாமல் தடுமாறினார். அவர் கெட்டவர் என்பதால் அன்று. அவர் வளர்ந்த உலகில் சேகண்டி தட்டுபவன் எண்ணிக்கையில் சேராதவன் என்பதால்! 1942 ஜனவரியில் டஃப் கூப்பரும் டயானாவும் சிங்கப்பூரைவிட்டுப் புறப்பட்டனர். பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. தோட்டத் தமிழருக்கு ஏது புறப்பாடு? அவர்களில் பல்லாயிரவர் சயாம் - பர்மா ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டனர். காய்ச்சலிலும் கழிச்சலிலும் பசியிலும் கணக்கற்றோர் மடிந்தனர். ஒரு புறம் மூன்று தொகுதி நினைவு நூல்; மறு புறம் பெயரெழுதாத புதைகுழி. பிறப்பை அளவுகோலாக்கினால் வரலாறு இப்படித்தான் அளக்கும்.

இதே போர்க்காலத்தில்தான் டயானா அம்மையார் பாக்னர் என்னும் கடலோர ஊரில் மாடு கறந்தார், ஆடும் பன்றியும் வளர்த்தார், பாலாடைக்கட்டி செய்தார். உணவுப் பங்கீட்டுக் காலம் அது. கையில் சாணமும் காலில் சேறுமாக உழைத்த அந்த நாட்கள், பின்னர் 1944 முதல் 1947 வரை பாரிஸ் தூதரகத்தில் அவர் நடத்திய பளபளக்கும் விருந்துகளைவிட மேலானவை என்பது நம் தீர்ப்பு.

1952-இல் டஃப் கூப்பர் நாரிச் வைகவுண்ட் ஆனார். ஆகவே டயானா வைகவுண்டஸ் நாரிச்! அம்மையார் ஏற்கவில்லை, அந்தப் பெயர் காதில் 'பாரிட்ஜ்' என்ற கூழின் பெயர்போல் விழுகிறது என்று கேலி செய்தார். 1954-இன் முதல் நாளில் கணவர் மறைந்தபின், டைம்ஸ் ஏட்டில் அறிக்கை தந்து, மீண்டும் லேடி டயானா கூப்பர் என்ற பெயருக்கே திரும்பினார்.

பட்டத்தைத் துறந்த பண்பாட்டுச் செல்வி என்று பாராட்டலாமா? நில்லுங்கள்! எந்தப் பட்டத்தைத் துறந்தார். எந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டார்? துறந்தது, கணவரின் பொதுப்பணிக்காக அரசு தந்தது. வைத்துக்கொண்டது, டியூக்கின் மகளாகப் பிறந்ததால் வந்தது. பணியின் பட்டம் கூழாகக் கசந்தது. பிறப்பின் பட்டம் தேனாக இனித்தது! தாதியாக வாளி தூக்கியவர், விரும்பியவரை மணந்தவர், கூலிக்கு மேடையில் நின்றவர், மாடு கறந்தவர் — அவரால்கூட அந்த ஒரு சொல்லை உதற முடியவில்லை. எவ்வளவு ஆழமாக ஊன்றிய நஞ்சு பாருங்கள்! 'டயானா கூப்பர்' என்று மட்டும் எழுதியிருந்தால், அதுவன்றோ அவருடைய மூன்றாவது புரட்சியாகியிருக்கும்!

"ஒரு சொல்தானே, இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று கேட்பாருண்டு. ஒரு சொல்தான். அந்த ஒரு சொல்லின் பலத்தில் பிரபுக்கள் சபையில் பல நூறு ஆண்கள் தேர்தலின்றி அமர்ந்து ஒரு நாட்டுக்குச் சட்டம் செய்தனர். 1999-ஆம் ஆண்டில்தான் அவர்களில் பெரும்பாலோரைச் சட்டம் வெளியேற்றியது. அப்போதும் 92 பேருக்கு இடம் விட்டு வைத்தது. இருபதாம் நூற்றாண்டு முடியும்வரை, பிறந்ததைத் தகுதியாகக் காட்டிச் சட்டமன்றத்தில் அமர முடிந்தது, பாராளுமன்றங்களின் தாய் என்று பாராட்டப்படும் நாட்டில்! சொல் சிறிது, அது பூட்டிய கதவு பெரிது.

இன்னும் சிலர் சொல்வர்: "அழகும் அறிவும் நகைச்சுவையும் அவர் சொந்தச் சொத்துக்கள்தானே?" சொந்தச் சொத்துக்கள்தாம். ஆனால் அந்தச் சொத்துக்களை ஊர் காணும்படி உயர்த்திப் பிடித்த விளக்கு எவருடையது? பெல்வாய்ர்க் கோட்டையின் விளக்கு. அந்த விளக்குக்குத் திரி கிள்ளியவர் எவர்? பெயரில்லாத ஒரு பணியாள். ஆகவே, சீமாட்டியின் புகழில் அந்தப் பணியாளுக்கும் பங்குண்டு. பங்கைக் கேட்கிறோம், பிச்சை கேட்கவில்லை!

பிறப்பிலே பேதமில்லை என்று வள்ளுவர் வாயிலாகக் கேட்டு வளர்ந்த மொழி நம்முடையது. அந்த அளவுகோலைக் கடல் கடந்தும் எடுத்துச் செல்வோம். எவர் வாழ்வையும் அதைக் கொண்டே அளப்போம். டயானா கூப்பரின் தொண்ணூற்று மூன்று ஆண்டுகளை அந்தக் கோலால் அளந்தால், கோட்டை தேறாது, பட்டம் தேறாது, படகு விருந்து தேறாது. மருத்துவமனை வாளி தேறும். மேடையில் மரத்துப்போன கால்கள் தேறும். மாட்டு மடியில் பட்ட கைகள் தேறும்.

அவற்றுக்கு மாலை சூட்டுங்கள். நாமும் ஒரு மலர் தருகிறோம். ஆனால் அதே வாளியைத் தூக்கிய ஒவ்வொரு தாதிக்கும், அதே மேடையில் நின்ற ஒவ்வொரு நடிகைக்கும், அதே மாட்டைக் கறந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் அதே அளவில் மாலை தொடுத்துவிட்டு வாருங்கள். தேம்ஸ் ஆற்றில் பிறர் உயிர் காக்கக் குதித்த அந்த இசைக்கலைஞருக்கு முதல் மாலை!